எங்க போச்சு அந்த லொறி

சுந்தரம்மாவிடம் யாராவது வந்து "ஒரு ஒப்பாரி பாடுங்க" என்று கேட்டால், அவர் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்.

"யாரு செத்தது?"

வேடிக்கைக்குக் கேட்பதல்ல. மாத்தளைப் பக்கம் உக்குவளைக்கு மேலே மலையில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். ஏழு லயங்கள், வரிசை வரிசையான தொழிலாளர் வீடுகள். எந்த லயத்தில் சாவு விழுந்தாலும், கங்காணிக்குச் சொல்ல ஆள் போகும் முன்னே சுந்தரம்மாவுக்கு ஆள் போய்விடும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருவார். வந்தவுடன் பாடமாட்டார். வாசலில் குந்திக்கொண்டு விசாரிப்பார். செத்தவர் எதை விரும்பிச் சாப்பிடுவார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, கடைசியாக வாய்விட்டு என்ன கேட்டார், வரவேண்டியவர்களில் யார் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் வாய் திறப்பார். அதன்பிறகு அந்த வாசலில் யாரும் கல்லாக நிற்க முடியாது. வராதவனும் தப்ப முடியாது, அவன் பெயரும் பாட்டுக்குள் வந்துவிடும்.

வயது ஐம்பத்தொன்று. பதினாறு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறார். கணவர் இருளாண்டி பேசவே பேசாத மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து இவரே பேசிவிடுகிறார் என்று தோட்டத்தில் கேலி செய்வார்கள். அது பொய்யில்லை.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், சுபாஷினி. இந்தக் கதையில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் வந்து நான் பூசி மெழுக முடியாது.

சுந்தரம்மாவுக்கு ஒரே தங்கச்சி, ராசம்மா. இரண்டு வருஷத்துக்கு முன் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். ராசம்மா கால் இடறி விழுந்துவிட்டாள். எழுபது எண்பது இடத்தில் கொட்டியிருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரி நாலு கட்டைத் தூரம், அதாவது நாலு மைல். தோட்டத்து லொறி இருந்தால் பதினைந்து நிமிஷம். லொறி இருந்தது. ஆனால் தோட்டத்து மேனேஜரை நாங்கள் துரை என்போம், அவர் பங்களாவில் அன்றைக்கு ஏதோ விருந்து என்று, நாற்காலி ஏற்றிவரப் போயிருந்தது. நாலு பேர் ராசம்மாவைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இரண்டாம் கட்டையில் பாலத்தடியில் கொஞ்சம் இளைப்பாற இறக்கிவைத்தார்கள். அங்கேயே அடங்கிவிட்டாள்.

அடக்கத்துக்கு மலர்வளையத்தோடு துரையும் வந்தார். சுந்தரம்மா தங்கச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினார்.

நாலு கட்டைத் தூரமம்மா ஆஸ்பத்திரி – தங்கமே
நாலு பேரு தூக்கிவந்தோம் கம்பளியில
ஏத்திவர லொறியிருந்தும் – என் ராசம்மா
எங்க போச்சு எங்க போச்சு அந்த லொறி?

துரைக்குத் தமிழ் அவ்வளவு வராது. பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளைக்கு வரும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுவாரம் சுந்தரம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

"செத்தவளுக்காகப் பாடினதுங்க. குத்தம்னா அவ வந்து மன்னிப்புக் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குக் கிடைப்பதெல்லாம் செங்குத்தான மலை, முற்றிப்போன கொழுந்து. வாயைத் திறந்து ஒரு முறைப்பாடு சொன்னதில்லை. "கேள்வி கேட்டவ நான், பதில் சொல்ல வேண்டியது அவங்க" என்பதுதான் அவருடைய கணக்கு.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து ராமநாதன் என்பவர் வந்தார். இனங்களைப் பாட்டால் இணைப்பதாக ஒரு திட்டம் நடத்துகிறவர். பல நாட்டு இசை, பல மத இசை எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒரு நிகழ்ச்சி மாத்தளை நகர மண்டபத்தில் நடக்கப்போகிறது என்றார். தோட்டத்து ஒப்பாரியும் அதில் வேண்டும். அவர் அதை "ஆன்மாவின் குரல்" என்று சொன்னார். சுந்தரம்மாவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் பாட்டை ஆங்கிலத்திலும் நல்ல சிங்களத்திலும் எழுதித்தர ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். நானும் தலைகால் புரியாமல் சம்மதித்தேன்.

பயிற்சி உக்குவளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சாதிக்காய் காயப்போடும் ஒரு ஸ்டோரில். சாக்கு மூட்டைகளை ஒதுக்கிவைத்துப் பாய் விரித்திருந்தது. கண்டி ரயில் போகும்போதெல்லாம் எல்லோரும் வாசிப்பதை நிறுத்த வேண்டும். மூன்று பேர் காத்திருந்தார்கள். நாவுலயிலிருந்து வந்த சேனாதீர, வயலின்காரர், ஊரில் வயலும் செய்கிறவர். உக்குவளை இப்திகார், றபான் அடிப்பவர், அந்த அகன்ற ஒருபக்கத் தோல் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டால் ஆளே மறைந்துபோவார். போர்த்துக்கலிலிருந்து வந்த இனேஸ், அக்கோர்டியன் வாசிக்கும் பெண். நாற்பது வயதிருக்கும். வந்த மூன்றாம் நாளே காரமான தேங்காய்ச் சம்பலைக் கண்ணீர் விடாமல் சாப்பிடப் பழகிவிட்டாள்.

"தொடங்கலாமா?" என்றார் ராமநாதன்.

"யாரு செத்தது?" என்றார் சுந்தரம்மா.

ராமநாதன் சிரித்தார். "யாரும் சாகலம்மா. சும்மா பாடிக் காட்டுங்க."

"சும்மாப் பாடினா அது தாலாட்டுங்க. ஒப்பாரிக்கு ஒரு பேரு வேணும். பேரில்லாமப் பாடினா அது ஆரைத் தேடிப் போகும்?"

நான் இதை மொழிபெயர்த்தேன். பிறகு சேனாதீர வயலினைக் கீழே வைத்தார். தனக்கு ஓர் அண்ணன் இருந்தார், பந்துல என்று பெயர், யுத்தத்தில் செத்தார் என்றார். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அம்மா கடைசிவரை உள்ளே இருப்பது மகன்தானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நான் சுந்தரம்மாவின் காதோரம் குனிந்து, "செத்தவர் ஆமிக்காரர், அக்கா" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. எச்சரிக்கை செய்வதாக நினைப்பு.

"அவரு அம்மாவும் ஆமியா டீச்சர்?" என்று கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு சேனாதீரவிடம் தானே சிங்களத்தில் விசாரிக்கத் தொடங்கினார். அண்ணனுக்கு என்ன பிடிக்கும்? சுட்ட பலாக்கொட்டை. யாரோடு சண்டை? அப்பாவோடு. கடைசியாக என்ன கேட்டார்? புதுவருஷத்துக்கு லீவு கிடைத்தால் வயலுக்கு இறங்குவேன் என்று எழுதியிருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

நாவுல வயக்காட்டு மகராசா – பந்துலய்யா
நாலாணி அடிச்ச பொட்டி தொறக்கலையே
பலாக்கொட்ட சுட்டுவச்சா பெத்தவ – அவ
பாத்தழுக உன் மொகமும் கெடைக்கலையே

சேனாதீரவுக்கு அதில் பந்துல, நாவுல என்ற இரண்டு சொல்லைத் தவிர எதுவும் விளங்கியிருக்காது. அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இருபது வருஷத்துக்குப் பிறகு முதல்தடவை என்று பிறகு சொன்னார்.

இப்திகார் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மையித்துக்கு ஒப்பாரி வைக்கிறது எங்களுக்கு ஆகாது. நான் றபான் அடிக்கிறேன். பேரு தரமாட்டேன், கூடச் சேர்ந்து அழவும் மாட்டேன்" என்றார்.

"எதுக்குத் தம்பி கோவம்? உங்க வழியில நீங்க நில்லுங்க. நான் மூச்சு விடுற எடத்துல ஒரு அடி அடிங்க, போதும்" என்றார் சுந்தரம்மா.

அந்த ஓர் அடிதான் இப்திகாருக்கு மூன்று நாள் பிடிபடவில்லை. ஒப்பாரிக்கு எண்ணிக்கை கிடையாது. மூச்சு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் போகும், தீர்ந்த இடத்தில் நெஞ்சில் ஒரு அடி விழும். தாளம் எண்ணிப் பழகிய மனிதர் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டார். வழி காட்டியது இனேஸ்தான். தன் அக்கோர்டியனை விரித்துச் சுருக்கிக் காட்டி, "இதுவும் மூச்சு விடுகிறது, இதைப் பார்த்து அடி" என்றாள். சுந்தரம்மாவின் நெஞ்சு ஏறும்போது பெட்டியை விரிப்பாள். இறங்கும்போது சுருக்குவாள். இப்திகார் பெட்டியைப் பார்த்தார். நாலாம் நாள் அடி சரியான இடத்தில் விழுந்தது. அன்றைக்கு அந்த ஸ்டோரில் கேட்ட பாட்டை எந்த நாட்டுப் பாட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

நிகழ்ச்சிக்கு எந்தச் சாவைப் பாடுவது என்று பேச்சு வந்தபோது சுந்தரம்மா யோசிக்கவே இல்லை.

"ராசம்மாவுக்குப் பாடுறேன்."

நாலாவது வரியை மூன்று பேரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். சாவு வீட்டில் சுற்றி உட்கார்ந்த பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். சேனாதீர அதைச் சிங்களத்தில் சொல்வதாக ஏற்பாடு. இனேஸ் தமிழிலேயே சொல்கிறேன் என்றாள். இப்திகார் சொல்லமாட்டேன் என்று தலையாட்டினார். சரி, விடுங்கள் என்று விட்டுவிட்டோம். பழகும்போது சுந்தரம்மா சொல் வைத்துப் பாடவில்லை. தங்கச்சி பெயரை ஒத்திகைக்கு இழுக்கமாட்டேன் என்று ராகத்தை மட்டும் இழுத்தார். சொற்களை என் தாளைப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்றார்.

இனி என் யோக்கியதைக்கு வருகிறேன்.

முதல் வரிசையில் உட்காரப்போகிற விருந்தினர்களில் எங்கள் தோட்டத்துத் துரையும் ஒருவர் என்று ராமநாதன் சொல்லியிருந்தார். பாட்டின் அர்த்தம் திரையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும். எங்கள் பள்ளிக்கூடம் நிற்பது தோட்டத்து நிலத்தில். நான் இருக்கும் குவார்ட்டர்ஸ் தோட்டத்துடையது. அன்று தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். மூன்று வரியை ஒழுங்காக எழுதினேன். "எங்க போச்சு அந்த லொறி" என்ற இடம் வந்ததும் கை நின்றது. "பாதையோ மிக நீளம்" என்று எழுதினேன். கவித்துவமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராமநாதன் படித்துவிட்டு, "பிரமாதம் டீச்சர்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

சேனாதீர நல்ல கலைஞர், பாவம். தாளில் இருந்த சிங்களத்தைப் படித்துவிட்டு, நாலாவது வரிக்கு முன்னால் வயலினில் ஒரு நீண்ட இழுப்பை வைத்தார். மலையேறி இறங்குகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கேட்க அழகாகத்தான் இருந்தது. சுந்தரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதுக்கு இவ்வளவு இழுக்குறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பாதை நீளம் என்றுதானே எழுதியிருக்கிறது?" என்றார் அவர்.

சுந்தரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர், அன்றைக்குச் சத்தம் போடவில்லை. அதுதான் கொடுமை.

"பாதை நீளமில்ல டீச்சர். நாலு கட்டை. உங்களுக்குத் தெரியும். நீங்களும் அந்தப் பாதையிலதானே தெனம் இந்த ஸ்டோருக்கு நடந்து வாறீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உங்களைப் பாட்டுக் கட்டச் சொல்லல. நான் பாடினதைச் சொல்லத்தான் சொன்னாங்க. என் தங்கச்சி பாதையாலயா செத்தா?"

சேனாதீர என்ன என்று கேட்டார். நானே என் வாயால் உண்மையான வரியைச் சிங்களத்தில் அவருக்குச் சொன்னேன். இனேசுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். லொறி எங்கே போயிருந்தது என்றும் சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. வெட்கத்தால்தான். சேனாதீர வயலினை எடுத்து, அந்த நீண்ட இழுப்பை நீக்கிவிட்டு, ஒரே ஒரு குறுகிய வெட்டு வெட்டினார். நாலாவது வரி அதன்பின் கேள்வியாகவே வந்தது.

திருத்திய தாளை ராமநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. மூன்று வரி பாடலாம், நாலாவது வேண்டாம், வேண்டுமானால் வெறும் ராகமாக இழுக்கட்டும் என்றார். அந்த வரி வந்தால் மைக்கை நிறுத்தச் சொல்வேன் என்று நேரே சுந்தரம்மாவிடமும் சொன்னார். இது சமாதான நிகழ்ச்சி அம்மா, சண்டை பிடிக்கும் இடமில்லை என்று விளக்கம் வேறு.

"மைக்கு உங்களோடது. நிறுத்திக்குங்க" என்றார் சுந்தரம்மா. "வாய் என்னோடது."

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. மண்டபம் நிறைந்திருந்தது. துரை முதல் வரிசையில், கணக்கப்பிள்ளை அவருக்குப் பின்னால். என்னைத் திரைக்கான கணினியில் உட்கார வைத்திருந்தார்கள். நாலாவது வரிக்கு வெறும் கறுப்புத் திரை என்பது உத்தரவு.

சுந்தரம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முடியை அவிழ்த்தார். "செத்தது என் தங்கச்சி ராசம்மா" என்று முதலில் சொன்னார். பிறகு பாடினார். இனேசின் பெட்டி அவரோடு மூச்சு வாங்கியது. றபானில் அடி ஒவ்வொன்றும் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. மூன்று வரி போனது. சேனாதீரவின் வெட்டு விழுந்தது. சுந்தரம்மா வாய் திறந்தார், மைக் செத்துப்போனது.

அவர் பாடுவது தெரிந்தது, முன் வரிசைகளுக்கு மட்டும் மெலிதாகக் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ராமநாதன் மேடை ஓரத்தில் மூச்சை விட்டார்.

அப்போது இப்திகார் றபானை நிறுத்தினார். றபானுக்கென்று தனியாக ஒரு மைக் வைத்திருந்தார்கள், அதை யாரும் நினைக்கவில்லை. அதன் பக்கம் குனிந்தார். பாடவில்லை. கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டார்.

"எங்க போச்சு அந்த லொறி?"

அடுத்தது சேனாதீர, வயலின் மைக்கில், சிங்களத்தில். "ஏ லொறிய கொஹெத கியே?" மண்டபத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். துரை கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பவேண்டிய தேவை இருக்கவில்லை. அடுத்து இனேஸ், தமிழை மென்று மென்று, "எங்கா போச்சு அந்தா லொறீ?" யாரும் சிரிக்கவில்லை.

நான் கறுப்புத் திரையைப் பார்த்தேன். முதல்நாளே மூன்று மொழியிலும் அந்த வரியைத் தட்டிவைத்திருந்தேன். துணிவு இருக்குமா என்று மட்டும் தெரியாமல் இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். திரை முழுக்கப் பெரிய எழுத்தில் வந்து நின்றது.

எல்லா மைக்கையும் நிறுத்தினார்கள். விளக்கையும் குறைத்தார்கள். சுந்தரம்மா நிறுத்தவில்லை. மலைக்கு மலை கூப்பிட்டுப் பேசுகிற குரல் அது, சத்தம் எல்லாம் அடங்கியபிறகு அது மட்டும் மண்டபத்தில் இருந்தது. மிச்சமிருந்த அடிகளையும் கடைசி வரி முடியும்வரை பாடினார். துரை நடுவில் எழுந்து போனார். சுந்தரம்மா அவர் போவதைப் பார்த்துக்கொண்டே பாடினார்.

வெளியே வந்தபின் நான் கேட்டேன், நிறுத்தியிருக்கலாமே அக்கா என்று.

"பாதியில எறக்கி வைக்கச் சொல்றீங்களா? ஒருதரம் எறக்கி வச்சதே போதும் டீச்சர்" என்றார்.

பிறகு இப்திகார் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க அழக்கூடாதுன்னு சொன்னீங்களே?"

"அழல்லயே அக்கா. கேட்டேன்." அவர் றபானை உறையில் போட்டுக் கட்டினார். "கேக்குறது ஆகும்."

ராமநாதன் அதன்பின் எங்கள் யாரோடும் பேசவில்லை. அவர் வெளியிட்ட ஒலிப்பதிவில் அந்தப் பாட்டு இல்லை. ஸ்டோரில் கடைசி நாள் முழுப்பாட்டையும் சொல்லோடு பதிந்த பிரதி இனேசிடம் இருக்கிறது. "இன்னக்கி ஒத்திகையில்ல, இன்னக்கித்தான் அவ திவசம்" என்று சொல்லி சுந்தரம்மா பாடிய நாள் அது. பாட்டுக்குத் தலைப்பு என்ன என்று இனேஸ் ஊரிலிருந்து கேட்டிருந்தாள். ராசம்மா என்று பதில் போட்டேன்.

பத்து நாள் கழித்துத் தோட்டத்து ஆபீசிலிருந்து சுந்தரம்மாவுக்குக் கடிதம் வந்தது. பொது இடத்தில் நிர்வாகத்தின் பெயரைக் கெடுத்ததற்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிறுத்தப்படும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என் குவார்ட்டர்சுக்கு வந்தார். அந்தப் பயிற்சி நாளுக்குப் பிறகு அவர் என் வாசலை மிதித்தது அன்றுதான்.

"பதில் எழுதணும் டீச்சர். மூணு பாஷையிலயும் எழுதுங்க. நான் சொல்றத மட்டும்."

எழுத உட்கார்ந்தேன். அவர் ஒரு வரிதான் சொன்னார். தமிழில் எழுதினேன். சிங்களத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். தோட்டத்து நிலத்தில் நிற்கும் பள்ளிக்கூடத்தையும் தோட்டத்துக் குவார்ட்டர்சையும் நினைத்தேன், நினைத்தபடியே எழுதினேன். ஒரு சொல்லை மாற்றவில்லை. எங்க போச்சு அந்த லொறி?

வாசித்துக் காட்டினேன். மூன்றையும் கேட்டார். பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டார். அதன்கீழே, மொழிபெயர்த்தவர் என்று என் பெயரை நானே எழுதினேன். கடிதத்தை மடிக்கப்போனேன், கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேரு போடலையே டீச்சர். யாரு செத்ததுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

தாளை மறுபடி விரித்து, எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன்: ராசம்மா.